வடிகுழாய் இல்லாத மதில்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். அளவெடுப்புத் தாளின் ஓரத்தில் என் கையெழுத்தில் அந்த நேரம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், பச்சை மையில், மேலிருந்து கீழாக நான் இழுத்த ஒரு கோடும் இருக்கிறது. அந்தக் கோடு ஏழு வரிகளை வெட்டிக்கொண்டு போகிறது. அவற்றில் ஐந்து வரிகள் பில்லில் ஏறின. கடைசி இரண்டு ஏறவில்லை.

ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கல், எவ்வளவு சீமெந்து, எவ்வளவு மணல், எவ்வளவு கூலி வேண்டும் என்று வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிடுவது என் தொழில். கண்டியில் ஒரே அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் அதைச் செய்தேன். போன வருடம், ஐம்பத்து மூன்று வயதில், நானாகவே ஓய்வு பெற்றுக்கொண்டேன். என்னிடம் வேலை பழகிய இரண்டு பெண்கள் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது வரைபடத்தைக் கணினியில் திறந்தால் அதுவே அளவுகளைச் சொல்லிவிடுகிறதாம். "அக்கா, நீங்க கையால செஞ்ச முறைய எங்களுக்கு எழுதித் தாங்க. எங்கள்ட்ட கேக்கிறவங்களுக்குச் சொல்ல எங்களுக்குத் தெரியல்ல" என்றார்கள். அவர்கள் கேட்டது முறையை மட்டும்தான். ஆனால் முறையை எழுதினால், அதை நான் எங்கே விட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் கண்டி மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த மூன்று வருடத்தில் ஞாபகம் இருப்பது, சிங்களத்தில் நடந்த பாடங்களைத் தோழி ஒருத்தியின் கொப்பியை இரவல் வாங்கி மதியச் சாப்பாட்டு நேரத்தில் தமிழில் எழுதிக்கொண்டதுதான். மற்றதையெல்லாம் ஹாஷிம் சேரிடம்தான் படித்தேன்.

ஹாஷிம் சேர் அலுவலகத்தின் முதலாளி. கட்டுமஸ்தான, குள்ளமான மனிதர். முழுக்கைச் சட்டையின் பொத்தானை எந்த வெயிலிலும் கழற்றமாட்டார். மேசையில் ஓர் அளவுகோல், ஒரு பேனை, ஒரு வெறுந்தேத்தண்ணிக் கோப்பை தவிர வேறெதுவும் இருக்காது. பேசுவதற்கு முன் பேனையை மூடுவார். பேனை திறந்திருந்தால் அவரிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது.

முதல் மாதம் அவர் என்னைத் தாளைத் தொடவே விடவில்லை. "முதல்ல வாயால கட்டுங்க மகள்" என்பார். வரைபடத்தை முன்னால் விரித்துக்கொண்டு, புல் செதுக்குவதிலிருந்து கடைசிப் பூச்சு வரை, எது எதற்குப் பிறகு வருகிறது என்று நான் சொல்ல வேண்டும். அத்திவாரம் வெட்டுகிறேன், கல் போடுகிறேன், ஈரம் ஏறாமல் தாறு பூசுகிறேன் என்று சொல்லிக்கொண்டே போவேன். எல்லாம் சொல்லி முடித்ததும் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும். வீடாக இருந்தாலும் கடையாக இருந்தாலும் அதே கேள்விதான். "தண்ணி எங்கால வார, எங்கால போற?"

கண்டியைச் சுற்றி வேலை செய்தவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். இங்கே சமதரை என்று ஒன்று கிடையாது. எந்தக் காணியிலும் மண்ணை வெட்டித்தான் வீடு வைக்க வேண்டும். வெட்டிய பக்கத்தில் மண்ணைத் தாங்க ஒரு மதில் வேண்டும். மதிலைத் தள்ளிச் சாய்ப்பது மண் அல்ல. மழை பெய்து, வெளியேற வழியில்லாமல் அந்த மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர்தான். அதனால் மதிலுக்குப் பின்னால் உடைகல் நிரப்புவோம். மதிலின் ஊடாகச் சிறு குழாய்களை வரிசையாக வைப்போம். அவற்றைத்தான் வடிகுழாய் என்கிறோம்.

இனி அந்தப் பெண்கள் கேட்ட முறை. வரைபடத்தைப் பார்த்து ஒருவர் தாளில் அளவுகளை எழுதுவார்: எத்தனை, நீளம், அகலம், உயரம், என்ன வேலை. இன்னொருவர் பெருக்கிப் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு வரியாகப் பில்லில் ஏற்ற வேண்டும். பில் என்பது ஒப்பந்தக்காரருக்குப் போகும் வேலைப் பட்டியல். அதில் இல்லாத வேலை நிலத்தில் நடக்காது. ஒரு வரியைப் பில்லில் ஏற்றிய பிறகுதான், தாளில் அந்த வரியின் மேல் பச்சைக் கோடு போட வேண்டும். கோடு இருந்தால் ஏறிவிட்டது என்று அர்த்தம். இடையில் எழுந்து போக நேர்ந்தால், நிறுத்திய இடத்தில் நேரத்தை எழுதிவிட்டுப் போக வேண்டும். கடைசியில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் தாளை வாசிக்க மற்றவர் பில்லைப் பார்த்து "இருக்கு" என்று சொல்ல வேண்டும். இதை நாங்கள் எதிர்வாசிப்பு என்போம். ஒரு வீட்டுக்கு அரைநாள் பிடிக்கும்.

எனக்கு இருபத்தாறு வயதிருக்கும். கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடிவீட்டுக்கு எதிர்வாசிப்பு நடந்தது. நான் பில்லை வைத்திருந்தேன். சேர் தாளை வாசித்துக்கொண்டு போனவர் திடீரென்று நிறுத்திப் பேனையை மூடினார்.

"மகள், இந்த வீட்டுல எத்தன கக்கூஸ்?"

"மூணு சேர்."

"மலக்குழி எங்க?"

பில்லின் எல்லாப் பக்கத்தையும் புரட்டினேன். இல்லை. தாளிலும் இல்லை. நான் அளக்கவே இல்லை.

"அப்ப இந்த வீட்டாக்கள் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்கா போற?" என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு என்னைப் பஸ் ஏற்றி அந்தக் காணிக்கு அனுப்பினார். மலக்குழி வர வேண்டிய இடத்தில் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வரச் சொன்னார். வெயிலில் ஒரு வெறுங்காணியில் நின்றுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் நான் மலக்குழியை மறக்கவில்லை.

ஹாஷிம் சேர் மௌத்தான பிறகு அலுவலகம் கைமாறியது. புதிய முதலாளி கெட்டவர் அல்ல. எதிர்வாசிப்பில் இரண்டு பேருடைய நேரம் வீணாகிறது என்று அதை நிறுத்தினார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பில்லைக் கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் என்னிடம் ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் பேனையை எடுத்து வைக்கச் சோம்பல்பட்டு, முதலில் ஏழெட்டு வரிகளுக்குச் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிட்டு, பிறகு அவற்றைத் தட்டச்சு செய்வேன். பல வருடம் அப்படிச் செய்தேன். எதுவும் நடக்கவில்லை.

அந்தத் தாள் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கட்டவிருந்த பிள்ளைக்காம்பராவுக்கானது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் சிறுபிள்ளைகளை விட்டுப் போகும் இடத்துக்குத் தோட்டங்களில் அதுதான் பெயர். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் மண்ணைத் தாங்க இருபத்திரண்டு மீற்றர் நீளத்தில் கருங்கல் மதில். ஏழு வரிகளுக்குக் கோட்டை இழுத்தேன். ஐந்தைத் தட்டச்சு செய்தேன். தொலைபேசி அடித்தது. மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை. பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது, பையில் ஸ்பிரே இல்லை, உடனே வாருங்கள் என்றார். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளுடைய அப்பா கட்டாரில் வேலையில் இருந்தார். நிறுத்திய வரியைப் பார்க்காமல், கோடு முடிந்த இடத்தில் பத்து நாற்பது என்று எழுதிவிட்டு ஓடினேன்.

நேரத்தை எழுத மறக்கவில்லை. கை பழகியிருந்தது. மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மகளை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, அலுவலகத்துக்குப் போய்த் தாளைப் பார்த்தேன். ஏழு வரியிலும் கோடு இருந்தது. எட்டாவது வரியிலிருந்து தட்டச்சு செய்தேன். ஆறாவது வரி மதிலுக்குப் பின்னால் உடைகல் நிரப்பு. ஏழாவது வரி வடிகுழாய், இருபத்தெட்டு.

இதுவரை நடந்ததை மட்டும் பிழை என்று சொல்லலாம். இதற்குப் பிறகு நடந்ததற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. ஆறுமுகம் பாஸ். அந்த வேலையின் மேசன்; மேசன்மாரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவர்.

"மெடம், பின்னால மதிலு மூணடி வந்திருச்சு. பைப்பு ஒண்ணும் வரல. எப்ப அனுப்புவீங்க?"

"இருங்க பாஸ், பாத்துச் சொல்றேன்" என்று கணினியில் பில்லைத் திறந்தேன். "பைப் இல்லையே."

"இல்லங்கிறது எனக்குத் தெரியும் மெடம். அதனாலதான் கேக்குறேன். இங்க மண்ணு எந்நேரமும் கசிஞ்சிக்கிட்டே இருக்கு."

"இன்ஜினியர் பார்த்து வேணாம்னு விட்டிருப்பாங்க. பில்லுல இருக்கிறத செய்ங்க."

"அப்பிடியா. சரி, மெடம் சொன்னா சரி."

வரைபடக் கோப்பு என் கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் பார்த்தது பில்லை. நான் எழுதிய பில்லில் நானே பார்த்து, இல்லை என்று சொன்னேன். குழாய்களைக் காட்டும் விவரப்படம் வேலைத்தலத்துக்குப் போகவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அது வேறு யாரோ செய்த பிழை. அதைச் சொல்லி நான் தப்பமாட்டேன்.

கட்டி முடித்துப் பிள்ளைகளும் வரத் தொடங்கியிருந்தார்கள். ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் மத்தியானம் பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பார்வதி மட்டும் பின்பக்கக் குழாயடியில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறாள். மதில் அப்படியே முன்னால் சாய்ந்தது. கண்டிக்குக் கொண்டுவரும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது. முப்பத்து நான்கு வயது. இரண்டு பிள்ளைகள்.

செய்தி வந்த அன்றே தாளை எடுத்துப் பார்த்துவிட்டேன். முதலாளியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இதுல கோடு இருக்கே. கோடு இருந்தா ஏறினதாத்தானே அர்த்தம்? யாரும் உங்கள்ட்ட கேக்கல. கேக்காததுக்குப் பதில் சொல்லப் போகாதீங்க" என்றார். நான் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். மகளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போனால் அவளுக்கு மருந்து எப்படி, படிப்பு எப்படி? ஒன்பது நாள் அப்படி இருந்தேன்.

அதற்குள் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, குழாய்களை மேசனிடம் கொடுத்தோம் என்று விசாரணையில் சொல்லிவிட்டார். விழுந்த மதிலைப் பார்த்தபோது, அதில் இரண்டு இடத்தில் கல் வைக்காமல் துளை விட்டிருப்பதும் தெரிந்தது. பில்லில் இல்லாவிட்டாலும் மனம் கேட்காமல் ஆறுமுகம் பாஸ் தன் யோசனையில் வைத்த துளைகள் அவை. அதுவே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. இரண்டு இடத்தில் துளை வைக்கத் தெரிந்தவன் மற்ற இடத்தில் ஏன் வைக்கவில்லை? குழாயை விற்றுவிட்டான். தோட்டம் முழுக்க அதுதான் பேச்சு. அவரைப் பொலிஸில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் அந்த மேற்பார்வையாளர் ஏதோ கையெழுத்துக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"அந்தப் பாஸ் இன்னும் ஒரே கத சொல்றான் மெடம். உங்களுக்குப் போன் பண்ணிப் பைப்பு கேட்டானாம். நீங்க வேணாம்னீங்களாம்" என்று சிரித்தார். "ஒரு மேசன் எடுத்தா மெடம் போன்ல பேசிக்கிட்டு இருப்பீங்களா?"

நானும் சிரித்தேன்.

அவர் படியிறங்கிப் போனார். கோடு போட்டது கை. சிரித்தது நான். மறுநாள் காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தாளோடு விசாரணை அதிகாரியிடம் போனேன். அவர் சிங்களவர், பொறுமையான மனிதர். கோட்டையும் நேரத்தையும் அவருக்கு விளங்க வைக்க ஒரு மணித்தியாலம் ஆனது. மேசன் என்னிடம் கேட்டார், நான் பார்க்காமல் பதில் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஆறுமுகம் பாஸ் மேல் இருந்த வழக்கு விலகியது. என் மேல் விசாரணை இன்னும் முடியவில்லை. அந்த மாதமே அலுவலகத்திலிருந்து விலகினேன்.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைத்தேன். நான்கு மாதத்தில் பாஸிடமிருந்து அழைப்பு வந்தது.

"மெடம், நீங்க எழுதிக் குடுத்தது நல்லது. ஆனா அந்தக் கடுதாசி விசாரணைக் கந்தோருல இருக்கு. இங்க யாரு வாசிச்சா? இன்னமும் என்னயப் பைப்பு கள்ளன்னுதான் சொல்றாங்க. ஒரு அடுப்பு கட்டக்கூட என்னயக் கூப்பிடுறதில்ல. எம் பொஞ்சாதி பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனா மத்த பொம்பளைங்க ஒதுங்கி நிக்கிறாங்க. நீங்க ஒரு தரம் வந்து வாயால சொல்லுங்க."

வருகிறேன் என்றேன். சொல்லிவிட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தவறவிட்டேன். ஒரு ஞாயிறு மகளுக்குக் காய்ச்சல். ஒரு ஞாயிறு மழை. மூன்றாவதற்குக் காரணமே இல்லை. நான்காவது ஞாயிறு புறப்படும் முன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்ப நான் அன்னைக்கு ஸ்பிரேய வீட்டுல வச்சிட்டுப் போனதாலயாம்மா?" என்றாள். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தேன். இல்லை, அம்மா பார்க்காமல் பதில் சொன்னதால் என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் பள்ளிக்கூடப் பையைத் தூக்குமுன் மூன்று தரம் திறந்து பார்க்கிறாள்.

திகன, தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரியவில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைக்காம்பரா வாசலில் முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பின்பக்கத்தில் கல் அப்படியே குவிந்து கிடந்தது. மண் வெட்டின் மேல் நீலத் தறப்பாள் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். நான் உட்காரவில்லை. தாளின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். தொழிற்சொல் எதுவும் இல்லாமல் சொன்னேன். குழாய் எழுத வேண்டியது நான், எழுதவில்லை, அதனால் இந்தத் தோட்டத்துக்குக் குழாய் வரவே இல்லை, பாஸ் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன்.

 ஒரு வயதான பெண் முன்னால் வந்தாள்.

"அப்ப பைப்பே வரலயா?"

"வரல்லம்மா."

அவள் பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். "வராத பைப்ப வித்துத்தான் கோழி வாங்குனான்னு சொன்னியேடி?"

"நான் எங்க சொன்னேன்? ஓம் மருமகதான் பீலிக்கரையில நின்னு சொன்னா."

"அவ சொல்லும்போது நீ ஆமாம் போட்டியே."

ஒருவர் இருவர் சிரித்தார்கள். ஆறுமுகம் பாஸ் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஐம்பது வயது மதிக்கலாம். அன்றுதான் அவரை நேரில் பார்த்தேன். தொலைபேசியில் கேட்ட குரலுக்கு நான் வேறொரு முகத்தை நினைத்து வைத்திருந்தேன்.

"நீங்க படிச்சவங்க, மெடம்" என்றான் பின்னாலிருந்து ஓர் இளைஞன். "கேட்டா எந்திரிச்சுப் பாக்க மாட்டீங்களா?"

எழும்பக்கூடத் தேவையிருக்கவில்லை, கையை நீட்டியிருந்தால் போதும் என்றேன். 

"யோகன் வரட்டும்" என்றாள் அந்த வயதான பெண். "அவன் கேக்காம இது முடியாது."

யோகன் பார்வதியின் கணவன். ஆள் அனுப்பியும் வரவில்லை என்றார்கள். நாங்கள் காத்திருந்தோம். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். பாஸுக்கும் ஒரு தம்ளர் நீட்டினார்கள். அவர் வாங்கினார், குடிக்கவில்லை. மலையில் முகில் இறங்கித் தேயிலையை மூடிக்கொண்டு வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும்.

லயத்துப் பக்கமிருந்து யோகன் வந்தான். மெலிந்த மனிதன். சவரம் செய்து பலநாள் ஆகியிருந்தது. நேரே கல் குவிந்த இடத்துக்குப் போய் நின்றான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டான்.

"ஆறுமுகம் அண்ணன் போன் பண்ணுனது நெசமா?"

"நெசம்."

"பைப்பு கேட்டாரா?"

"கேட்டார். இரண்டு தரம் கேட்டார்."

 அவன் திரும்பி, என்னைத் தாண்டி, பாஸிடம் போனான்.

"அண்ணே, இந்த மதில திரும்பக் கட்டணும்னு தோட்டத்துத் தொர வெளியாளு தேடுறாரு. நான் போயி சொல்றேன். நீங்களே கட்டுங்க. மண்ணு நான் வெட்டித் தாறேன்."